மாமரத்துக்குக் கீழ பத்துக் கதிரை

எங்கட பக்கம் சைக்கோலஜி எண்டு சொன்னா உடனே விசர் வைத்தியம் எண்டுதான் விளங்கிக்கொள்ளுவாங்க. தங்கச்சி கெம்பஸ்ல அதை ஒரு பாடமா எடுத்தநேரம் பெரியம்மா கேட்ட முதல் கேள்வியே "ஏன் மனே, விசராக்களோடயா வேலை செய்யப்போறாய்" எண்டுதான். நானும் சேர்ந்து சிரிச்சன். அதே பெரியம்மா கிழமைக்கு ஒருக்கா எங்கட வளவுக்குள்ள வந்து, மாமரத்துக்குக் கீழ பிளாஸ்டிக் கதிரையில குந்தி இருந்து, அந்தப் பாடத்தை வேறொருத்தன் அவட தலையில வச்சுச் செய்து பாக்குறதுக்குக் காசும் கட்டிட்டுப் போறா எண்டது எனக்கு மறுகாதான் விளங்கிச்சு.

சொல்றது குழுக்கடனைப் பத்தி. மட்டக்களப்புல இதைத் தெரியாத வீடு இருக்காது, வெளிநாட்டுல இருந்து வாசிக்கிறவங்களுக்காகச் சொல்றன். காணி உறுதி வேணாம், நகை வேணாம், சம்பளத் துண்டு வேணாம். அஞ்சு பொம்புளைகள் சேர்ந்தா ஒரு குழு, ரெண்டு குழு சேர்ந்தா எங்கட சென்டர், ஒருத்தி எடுக்கிற கடனுக்கு மத்த நாலு பேரும் பிணை. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஒத்துமை, கூட்டு முயற்சி எண்டெல்லாம் பேர் வச்சிருக்காங்க.

போன வருசம் சித்திரை வருசப் பிறப்பு முடிஞ்சு வந்த செவ்வாய்க்கிழமை. வருசத்துக்கு மறுகா எந்த வீட்டுலதான் காசு இருக்கும்? மூலை வீட்டு அக்கா வரல்ல. புருசன் மேசன், ரெண்டு கிழமையா வேலையில்ல. அவ கட்டவேண்டியது 2,800 ரூபா. வசூலுக்கு வந்த பொடியனுக்கு இருபத்திரெண்டு இருபத்திமூணு வயசுதான் இருக்கும், ஹெல்மெட்டக் கழட்டி பைக்ல கொழுவிட்டு சப்பாத்தையும் கழட்டி வச்சிட்டுத்தான் மரத்துக்குக் கீழ வந்தான், அவ்வளவு மரியாதையான புள்ள. தாய் வயசுப் பொம்புளைகள் எல்லாம் அவனை "சேர்" எண்டுதான் கூப்பிடுவாங்க. அவன் சொன்னான், "நான் ஒருத்தரையும் ஏசல்ல அம்மா. எனக்கு அவசரமும் இல்ல. அவங்க வரும் வரைக்கும் எல்லாருமா இருப்பம்." சொல்லிட்டு போனை எடுத்துப் பாத்துக்கொண்டு இருந்தான். அவ்வளவுதான் அவன் செய்தது.

ஒன்பது மணிக்கு இருந்த ஆக்கள் பத்தரையாகியும் இருந்தாங்க. ஒருத்தி அடுப்புல சோத்தை வச்சிட்டு வந்திருக்கா, இன்னொருத்தி நேர்சரியில புள்ளைய ஏத்தப் போகணும். வெயில் ஏற ஏற மாமரத்து நிழல் கிறுகுது, இவங்களும் கதிரையை இழுத்து இழுத்து நிழலோடயே போறாங்க. நான் குசினி யன்னலால பாத்துக்கொண்டு நிக்கிறன். ஆரும் ஒண்டும் கதைக்கல்ல, ஆனா கொஞ்சம் கொஞ்சமா எல்லாக் கண்ணும் குழுத் தலைவியிட பக்கம் திரும்புது. தலைவி எங்கட பெரியம்மா. பதினொண்டு அடிக்கக்குள்ள அவ எழும்பினா. என்ட ஆயுசுல அவ சத்தம் போட்டுக் கதைச்சு நான் கேட்டதில்ல, அண்டைக்கு மூலை வீட்டுப் படலையில நிண்டு ஒழுங்கை முழுக்கக் கேக்கக் கத்தினா. கொஞ்ச நேரத்தால அந்த அக்கா காசோட வந்தா. காதில தோடு இல்ல.

பொடியன் பில்லை எழுதிக் கொடுத்திட்டு "வாறன் அம்மா" எண்டு சொல்லிட்டுப் போனான். கண்ணகை அம்மன் சடங்குல, குளிர்த்தி எண்ட கடைசிநாள் சடங்கு அண்டைக்கு, பெரியம்மாவும் அந்த அக்காவும் கோயில் வீதியில ஆளுக்கொரு பக்கமா நிண்டாங்க. முப்பது வருசச் சிநேகிதம்.

இதுல எனக்கு உறைச்சது என்னண்டா, நாம ஏமாந்தவங்களப் பாத்து மொக்கு, பேராசை பிடிச்சது, படிக்காதது எண்டு கமென்ட் அடிக்கிறம். ஆனா அந்த ஒன்பது பேரையும் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல கதிரையில கட்டிப்போட்டது அவங்கட மொக்குத்தனம் இல்ல, அவங்கட மானம். மானம் ரோசம் இல்லாத பத்துப் பேரைப் பிடிச்சு இந்த யாவாரத்தை நடத்தச் சொல்லுங்க பாப்பம், ஒரு மாசத்துல கடையப் பூட்டிட்டு ஓடுவாங்க. எங்கட நல்ல குணம் எது எண்டு பாத்துத்தான் தூண்டிலே போடுறாங்க. இது எங்கட ஒழுங்கையில மட்டும் நடந்த கதையுமில்ல, 2018இல அரசாங்கமே தலையிட்டு, வறட்சி பாதிச்ச மாவட்டங்கள்ல ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாம நுண்கடன் எடுத்துக் கட்ட ஏலாமப்போன பொம்புளைகளுக்குத் தள்ளுபடி குடுக்கிற அளவுக்குப் போனது.

வித்தை ஒண்டும் புதுசில்ல. அமெரிக்காவுல எட்வர்ட் பெர்னேய்ஸ் எண்டு ஒரு ஆள் இருந்தார், மனசைப் பத்தி ஆராய்ஞ்ச சிக்மண்ட் பிராய்டிட மருமகன். எங்கட ஊர்ப் பாசையில சொன்னா மாத்துக் கலியாணம் செய்த குடும்பம், பிராய்டிட தங்கச்சிய பெர்னேய்ஸிட தகப்பன் முடிச்சார், அந்தத் தகப்பன்ட தங்கச்சிய பிராய்ட் முடிச்சார், ரெண்டு பக்கத்தாலயும் மாமா. மாமா மனசுக்குள்ள இருக்கிற நோயைப் பாத்தார், மருமகன் மனசுக்குள்ள இருக்கிற ஆசையை வச்சு யாவாரம் செய்தார். அப்ப பொம்புளைகள் ரோட்டுல சிகரெட் குடிக்கிறது பெரிய வெக்கக்கேடு, சிகரெட் கொம்பனிக்குப் பாதிச் சனம் நட்டம். இவர் 1929இல ஈஸ்டர் அண்டைக்கு நியூயோர்க்கில நடந்த ஊர்வலத்துல வடிவான பொம்புளைப் புள்ளைகளை சிகரெட் பத்தவச்சுக்கொண்டு நடக்க வச்சார், அதுக்குச் சுதந்திரத் தீப்பந்தம் எண்டு பேரும் வச்சு, அடுத்த நாள் பேப்பர்லயும் வர வச்சார். வோட்டுரிமை கிடைச்சு ஒன்பது வருசம்தான் ஆகியிருந்த பொம்புளைகளுக்குச் சமத்துவத்துல எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! அந்த ஆசை நியாயமானது, அதிலதான் நெருப்புப் பெட்டியை உரசினார் மனுசன். பிராய்ட் வழிவந்த ஒரு மனநல டொக்டரிட்டக் காசு குடுத்து யோசனை கேட்டுட்டுத்தான் இதைச் செய்தவர்.

சரி, ஆசையை விடுவம், பயத்துக்கு வருவம். 2011 ஆவணி. கிறீஸ் பூதம் ஞாபகம் இருக்கா? பொத்துவில்ல இருந்து வாழைச்சேனை வரைக்கும் ஒரு ஊர் உறங்கல்ல. உடம்பு முழுக்கக் கிறீஸ் பூசிக்கொண்டு மர்ம மனிசன் வாறான், பொம்புளைகளக் கீறுறான் எண்டு கதை. நாங்க பொல்லும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு சந்தியில காவல் இருந்தம். ஒருநாள் ராவு ரெண்டு மணி இருக்கும், முன்னுக்கு நிண்டவன் "அந்தா" எண்டான், அடுத்தவன் "ஓம் ஓம் வேலிய பாய்ஞ்சிட்டான்" எண்டான், நான் கடைசி ஆள், சத்தியமாச் சொல்றன் நானும் கண்டன், கறுப்பா, உயரமா, மினுமினுப்பா. விடிஞ்சு பாத்தா வேலியில காயப்போட்ட றெயின்கோட். அந்த றெயின்கோட் எங்கட வீட்டுதான்.

அந்த நாட்கள்ல உண்மையா நடந்தது எது, கதை எது எண்டு இண்டைக்கும் ஊர்ல வாக்குவாதம் வரும், அது வேற விசயம். நான் சொல்றது என்ட கண்ணைப் பத்தி. 1951இல சொலமன் ஏஷ் எண்ட சைக்கோலஜிக்காரர் இதைத்தான் செய்து பாத்தார். ஒரு கோட்டைக் காட்டி, இதுக்குச் சமமான கோடு மூணுல எது எண்டு கேக்கிறது, சின்னப்புள்ளையும் சொல்லும். ஆனா பக்கத்துல இருக்கிற எல்லாரும், அவரால செட் பண்ணின ஆக்கள், பிழையான கோட்டையே காட்டினா? நாலுல மூணு பேர் ஒருக்காவாவது அந்தப் பிழையோட சேர்ந்து போனாங்க. பகல் வெளிச்சத்துல, பொல்லும் இல்லாம, பயமும் இல்லாம. எனக்கு ராவு ரெண்டு மணி.

அதே பயத்தைப் போனுக்குள்ள போட்டா என்ன நடக்கும் எண்டதுக்குத் தூர இடம் போகத் தேவையில்ல, அம்பாறை டவுன் காணும். 2018 மாசி மாசக் கடைசியில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில கறிக்குள்ள மாக்கட்டி ஒண்டு கிடந்திருக்கு. சிங்கள ஆக்களுக்குப் புள்ள பிறக்காமப் பண்ற குளிசை எண்டு கதையக் கட்டி, கெஷியர்ல இருந்தவரைச் சுத்தி நிண்டு மிரட்டி, சிங்களம் ஒழுங்கா விளங்காத அந்த மனிசன் தலையாட்டினதை வீடியோ எடுத்து விட்டாங்க. அண்டைக்கு ராவே கடையும் பள்ளிவாசலும் அடிபட்டது. மறுகா அரசாங்கப் பகுப்பாய்வுல அது வெறும் மா எண்டு வந்தது, அப்பிடி ஒரு குளிசை உலகத்துலயே இல்லையெண்டு உலக சுகாதார நிறுவனமும் சொன்னது, ஆனா அதுக்குள்ள பங்குனியில கண்டி, திகன எல்லாம் எரிஞ்சு, அவசரகாலச் சட்டம் போட்டு, பேஸ்புக்கையும் பூட்டவேண்டி வந்திட்டு. 2020இல பேஸ்புக் கொம்பனி இதுக்கு மன்னிப்புக் கேட்டது. அந்த வீடியோவ ஃபோர்வர்ட் பண்ணின எல்லாரும் இனவாதி எண்டு நான் நினைக்கல்ல. கனபேர் தன்ட மகளை, மருமகளை நினைச்சுப் பயந்து அனுப்பின தாய்மார். பரப்பினவனுக்கு அது நல்லாத் தெரியும்.

இதை நான் பேஸ்புக்லயே எழுதுறன், சிரிங்க. இந்தக் கொம்பனி 2012இல 689,003 பேரை வச்சு, சிலரிட பக்கத்துல சந்தோசமான பதிவுகளையும் சிலரிட பக்கத்துல கவலையான பதிவுகளையும் குறைச்சு, அவங்கட்டக் கேக்காமலே மனநிலை மாறுதா எண்டு சோதிச்சுப் பாத்து 2014இல கட்டுரையாவும் போட்டது. மாத்தம் கொஞ்சம்தான், ஆனா மாறிச்சு. எங்கட மூஞ்சியப் பாத்து மூட் எப்பிடி எண்டு கேக்கப் பெண்சாதிக்கே பயமா இருக்கு, இவங்களுக்கு அந்தப் பயமும் இல்ல.

எலக்சன் காலத்துத் தகரம், சாறி, தையல் மெஷின் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு வளந்த சனத்துக்கு ஒரு சாறி காணும். 1971இல டெனிஸ் ரீகன் எண்ட சைக்கோலஜிக்காரர் சோதிச்சுப் பாத்தார், கேக்காமலே ஒரு போத்தல் கோலா வாங்கிக் குடுத்தவனிட்ட ஆக்கள் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு லொத்தர் டிக்கெட் வாங்கினாங்க, அவனைப் பிடிக்காதவங்களும் வாங்கினாங்க. ஆள் சேத்துவிட்டாக் காசு வரும் எண்டு சொல்ற பிரமிட் கொம்பனிக்காரன் ஊருக்குள்ள வந்தா முதல்ல போறது ரிட்டயர் ஆன டீச்சர் வீட்டுக்கு. சட்டத்துல தடை எண்டு மத்திய வங்கி எத்தனை விளம்பரம் போட்டாலும் "டீச்சரே போட்டிருக்கா" எண்ட ஒரு வார்த்தைக்கு முன்னால எடுபடாது. டீச்சர் இப்ப சந்தைக்கும் வாறதில்ல.

அந்த வசூல் பொடியனை நான் ஆறு மாசத்தால கல்முனை பஸ் ஸ்டாண்டுல கண்டன். வேலைய விட்டுட்டானாம். பிளேன்டீ ஒண்டு குடிச்சம். நான் கொஞ்சம் காரமாத்தான் கேட்டன், "அண்டைக்கு எங்கட ஆக்கள வெயிலுக்குள்ள வச்சிருந்தாயே, அதை ஆர் தம்பி படிப்பிச்சது?" எண்டு. கோவிக்கல்ல. ட்ரெய்னிங்ல முதல்நாளே சொல்லிக் குடுக்கிறதாம், நீங்க சத்தம் போடாதீங்க, நேரத்தைப் பிடிச்சு வைங்க, மிச்சத்தை அவங்களே பாத்துக்கொள்ளுவாங்க எண்டு. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஞ்சு மணிக்கு வசூல் குறைஞ்ச ஆக்களிட பேரைச் சிவப்பு நிறத்துல வட்ஸ்அப் குறூப்ல போடுவாங்களாம், குறூப்ல எல்லாரும் பாத்த நீல டிக் விழும், ஆனா ஒருத்தரும் ஒண்டும் எழுத மாட்டாங்களாம். "அதைவிட ஏசினாத் தாங்கலாம் அண்ணன்" எண்டான்.

பஸ் வந்திட்டு. ஏறப்போகக்குள்ள திரும்பிச் சொன்னான், அவன்ட அம்மாவும் ஊர்ல வேறொரு சென்டர்ல இருக்காவாம், வியாழக்கிழமை மீட்டிங்.

சரி, நேரம் போயிட்டு. நாளைக்குச் செவ்வாய். இப்ப வேற பொடியன் வாறான், இவனும் சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டுத்தான் வருவான். அம்மா ரெண்டு தரம் கூப்பிட்டுட்டா, மாமரத்துக்குக் கீழ பத்துக் கதிரை போடணும்.