நீ கேக்கவே இல்லியே தம்பி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிதில் நான் செய்த காரியம் ஒன்று இன்னமும் நெஞ்சில் உறுத்துகிறது. ஒரு அக்கா தைத்த அப்பர்களில், அதாவது ஷூவின் மேல்பாகத் தோலில், மடிப்பு தடித்து, தையல் அங்கங்கே விட்டுப்போயிருந்தது. ஒரு ஜோடியைத் தூக்கிப் பிடித்து, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "இதுக்குப் பேரு தையலா?" என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளும் அதே பழுது.

மூன்றாம் நாள் டீ நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னாக்கா பிரச்சனை?" என்றேன். பேசாமல் ஒரு தோல் துண்டை எடுத்து என் விரலிடுக்கில் வைத்தார். ஸ்கைவிங்கில், அதாவது தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவும் இடத்தில், சரியாகச் சீவாமலே அனுப்பியிருக்கிறார்கள். அதை மடித்தால் இரட்டைத் தடிப்பு, ஊசி விலகும், தையல் தாண்டும். அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"ஏன்க்கா சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லியே தம்பி. திட்டத்தான வந்த."

குறை சொல்லவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்றுமதிச் சரக்கு. பழுதை அங்கேயே பிடிக்காவிட்டால் அத்தனை பேர் உழைப்பும் வீண். ஆனால் காரணத்தைக் கேட்காமல் சொல்கிற குறை பாதிக் குறைதான். முதலில் பாராட்டு, நடுவில் குறை, முடிவில் மறுபடி பாராட்டு என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்களே, அதிலும் எனக்கு உடன்பாடில்லை. "நல்லா பண்றீங்க" என்று ஆரம்பித்ததுமே எதிரில் இருப்பவர் "ஆனா" எப்போது வரும் என்றுதான் காத்திருப்பார். நல்லதையும் பழுதைச் சொல்கிற அதே நுணுக்கத்தோடு சொல்ல வேண்டும். "முனை வளைவுல உங்க தையல் இடைவெளி மாறவே இல்லைக்கா" என்றால் அவர் நிமிர்ந்து பார்ப்பார், ஏனென்றால் அது உண்மை.

வேலூர் கோட்டையைக் கடக்கும்போதெல்லாம் 1806-ல் அங்கே நடந்த சிப்பாய்க் கலகம் நினைவுக்கு வரும். ஆங்கிலேய அதிகாரிகள் தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையை அணியச் சொன்னார்கள், நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்றார்கள். சிப்பாய்கள் முதலில் ஆயுதம் எடுக்கவில்லை, மே மாதமே வாயால்தான் மறுத்தார்கள். மறுத்தவர்களைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்தார்கள், கசையடி கொடுத்தார்கள். ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. அந்த மே மாதத்தில் யாராவது உட்கார்ந்து கேட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்கிறது.

இப்போது பழுது வந்தால் தனியாகக் கூப்பிட்டுத்தான் பேசுகிறேன். என்னைப் பற்றியும் சொல்லச் சொல்கிறேன். போன வாரம் அதே அக்கா, "டார்கெட்டை மதியத்துக்கு மேல மாத்துற தம்பி, கை ஓட மாட்டேங்குது" என்றார். சுருக்கென்றுதான் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து காலை மணி அடித்ததும் போர்டில் எழுதிவிடுகிறேன்.