வெட்டிய மரத்தைப் பார்த்துக் கோபப்படும் முன்

பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் மரம் வெட்டுகிற படம் ஒன்று வந்தால் போதும், கீழே கருத்துகள் கொதிக்க ஆரம்பித்துவிடுகின்றன. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பல வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். சுற்றி வேலியைப் போடு, மனிதனை வெளியே அனுப்பு, மிச்சத்தைக் காடே பார்த்துக்கொள்ளும் என்று உறுதியாக நம்பினேன். அதை மாற்றியது ஒரு சின்னக் குருவி.

கிர்ட்லண்ட் வார்ப்ளர் என்று பெயர். பெரும்பாலும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில்தான் கூடு கட்டும். கட்டுவது தரையில், இளம் ஜாக் பைன் மரங்களின் அடிக்கிளைகள் மண்ணை மூடிக் கிடக்கும் இடத்தில். மரத்துக்குச் சுமார் 5 வயதிலிருந்து 20 வயது வரைதான் அந்த மறைவு இருக்கும். அப்புறம் அடிக்கிளை காய்ந்து உதிர்ந்துவிடும், குருவியும் போய்விடும். முன்பெல்லாம் அடிக்கடி காட்டுத்தீ வரும். அந்தச் சூட்டில்தான் ஜாக் பைன் காய்கள் விரிந்து விதை கொட்டும், புதிதாக இளங்காடு எழும். மனிதர்கள் தீயை அணைக்கக் கற்றுக்கொண்டார்கள், காடு முதிர்ந்தது, குருவி குறைந்தது. போதாக்குறைக்கு, கௌபேர்ட் என்ற பறவை குயிலைப் போல இதன் கூட்டில் முட்டையிட்டுவிடும். 1974இல் எண்ணியபோது பாடும் ஆண் குருவிகள் 167. 1987இலும் அதே 167.

காப்பாற்ற என்ன செய்தார்கள்? முதிர்ந்த பைன்களைப் பகுதி பகுதியாக வெட்டினார்கள், மறுபடி நட்டார்கள், கௌபேர்டுகளைப் பொறி வைத்துப் பிடித்தார்கள். குருவிகள் 2,000 ஜோடிகளுக்கு மேல் பெருகி, 2019இல் அழியும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. ஆனால் வெட்டி நடுகிற வேலை முடிந்துவிடவில்லை. இன்றைக்கு நட்ட மரமும் ஒருநாள் 20 வயதைத் தாண்டுமே.

இதில் ஒரு வேதனையான அத்தியாயமும் உண்டு. 1980 மே மாதம், இந்தக் குருவிக்கு இடம் உண்டாக்க மூட்டிய தீ மேக் லேக் பகுதியில் கைமீறிப் போனது. சுமார் 24,000 ஏக்கர் எரிந்தது, பல வீடுகள் போயின, வனத்துறையில் வேலை பார்த்த ஓர் இளைஞர் இறந்துபோனார். சில ஆண்டுகளில் அதே கரிக்காட்டில் எழுந்த இளம் பைன்களுக்குள்தான் குருவிகள் பெருகத் தொடங்கின. இதை எப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. காட்டில் கை வைப்பதைச் சாதாரண வேலையாக நினைக்கவே கூடாது என்பதற்கு நான் சொல்லும் முதல் உதாரணம் இதுதான்.

சரி, அப்படியானால் எல்லாக் காட்டையும் வெட்டலாமா? இல்லவே இல்லை. அதே அமெரிக்காவின் தென்பகுதியில் சிவப்புக் கொண்டை மரங்கொத்தி என்றொரு பறவை. உயிரோடு நிற்கும் முதிய பைன் மரத்தில்தான் பொந்து குடையும். ஒரு பொந்துக்கே சில வருடங்கள் ஆகலாம். 1989இல் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் காட்டைச் சாய்த்தபோது, பொந்து மரங்களில் பெரும்பாலானவை ஒரே இரவில் விழுந்தன. மிஞ்சிய மரங்களில் குழி செதுக்கி, மரப்பெட்டிகளைப் பொருத்தி அந்தப் பறவைகளுக்கு வீடு கொடுத்தார்கள். இதற்கு வேண்டியது முதிய மரம். கூடவே, அடியில் புதர் மண்டாமல் இருக்க அவ்வப்போது சிறு தீ. ஆக, பைன் காடு என்ற ஒரே பெயருக்குள் இரண்டு பறவைகளுக்கு இரண்டு நேரெதிர் தேவைகள்.

ஒரே காட்டுக்குள்ளும் இந்த இழுபறி உண்டு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஹீத் ஃபிரிட்டிலரி என்ற பட்டாம்பூச்சி, மரத்தை அடியில் வெட்டிக் கட்டையிலிருந்து துளிர்க்க விட்ட வெளிச்சமான இடங்களில்தான் வாழ்கிறது. அதன் புழுக்களுக்கு உணவாகும் செடி அங்கேதான் முளைக்கும். விறகுவெட்டி போன வழியெல்லாம் பின்னால் போகும் பூச்சி என்றே அந்நாட்டவர் அதைச் சொல்வதுண்டு. சில வருடத்தில் நிழல் மூடினால் அது இடம் மாற வேண்டும், ஆனால் தூரம் பறக்காது. எனவே அடுத்த வெட்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஹேசல் மரங்களில் வாழும் டார்மவுஸ் என்ற குட்டி விலங்குக்கோ கொட்டை காய்க்கும் அளவுக்கு வளர்ந்த மரமும், தரையில் இறங்காமல் போய்வரக் கிளைப்பாதையும் வேண்டும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக, முறை வைத்து, குளிர்காலத்தில் வெட்டுகிறார்கள். துளிரை மான்கள் மேய்ந்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

பரந்த காடுகள் இருந்த காலத்தில் புயலும் தீயும் பெரிய விலங்குகளும் இந்த வெளிகளை உண்டாக்கின. ஓரிடம் மூடினால் வேறோரிடம் திறந்தது. இன்று நம்மிடம் இருப்பவை துண்டுகள். துண்டுக்குள் ஓரிடம் மூடினால் அந்த உயிர் போக வேறு இடமில்லை. அந்த வேலையை யாராவது கையால் செய்துதான் ஆக வேண்டும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இரண்டு விஷயங்களில். மர வியாபாரத்துக்குப் பராமரிப்பு என்று பெயர் வைப்பது ஒன்று. எந்த உயிருக்காக வெட்டுகிறீர்கள், கூடு வைக்கும் பருவமா என்று பார்த்தீர்களா, வெட்டியபின் வருடாவருடம் எண்ணுவது யார் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். இன்னொன்று, சுத்தம் என்ற பெயரில் விழுந்த மரங்களை அள்ளிக்கொண்டு போவது. பட்டுப்போன மரத்தை நம்பித்தான் எத்தனையோ வண்டுகளும் பூஞ்சைகளும் வாழ்கின்றன, அந்த வண்டுகளின் புழுக்களை நம்பி மரங்கொத்திகள் வாழ்கின்றன. போலந்தின் பியாவோவியேஷா காட்டில் பார்க்கும் பக்கமெல்லாம் மட்கிய அடிமரங்கள் பாசி படிந்து கிடக்கும். அங்கே செய்ய வேண்டிய பராமரிப்பு, அவற்றைத் தொடாமல் விடுவதுதான்.