கப்பல் ஏறும் முன்பே பேசிய பத்தில் ஒரு பங்கு

ஐரோப்பியர்கள் ஏன் அமெரிக்காவுக்குப் போனார்கள் என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்படியே ஒப்பிப்போம். 1453ல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள், ஆசியாவுக்குப் போகும் வழி அடைபட்டது, மிளகு கிடைக்கவில்லை, அதனால் கடல்வழி தேடினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் வெனிஸ் வியாபாரிகள் மிளகு வாங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். அந்த லாபம் வெனிஸ்காரன் கைக்குப் போகிறதே என்பதுதான் மற்றவர்களுக்கு எரிச்சல்.

என்னைக் கேட்டால் இந்தக் கதையை ஒரு ஒப்பந்தப் பத்திரத்திலிருந்து தொடங்க வேண்டும். 1492 ஏப்ரல் 17, ஸ்பெயினில் கிரானடாவுக்குப் பக்கத்தில் சாந்தா ஃபே. ஸ்பெயின் அரசர், அரசியிடம் கொலம்பஸ் கேட்டு வாங்கியதைப் பாருங்கள்: கடற்படைத் தலைவர் பட்டம், பிடிக்கும் நிலங்களுக்கெல்லாம் வைசிராய் பதவி, அங்கிருந்து வரும் தங்கம், வெள்ளி, முத்து, வாசனைப் பொருள் அத்தனையிலும் செலவு போகப் பத்தில் ஒரு பங்கு. இன்னும் கப்பலே ஏறவில்லை! அரசி நகையை விற்றுப் பணம் கொடுத்தாள் என்பதெல்லாம் பின்னால் கட்டிய கதை, பணத்தைப் புரட்டியது சாந்தாங்கெல் என்ற அரண்மனை நிதி அதிகாரி. மூன்று கப்பல்களில் இரண்டு, பாலோஸ் என்ற துறைமுக ஊர்க்காரர்கள் அரசுக்கு அபராதமாகக் கொடுத்தவை.

கரையிறங்கிய மறுநாள், அக்டோபர் 13, நாட்குறிப்பில் என்ன இருக்கிறது? சிலர் மூக்கில் சின்னத் தங்கத் துண்டு தொங்குகிறதாம், அது எங்கே கிடைக்கிறது என்று சைகையிலேயே விசாரிக்கிறார். அடுத்த வருடம் 17 கப்பல்கள் கிளம்பின. இவ்வளவு பணம் போட்டாயிற்று, எடுக்க வேண்டுமே. அதனால் ஹிஸ்பானியோலா தீவின் தங்கம் கிடைக்கும் பகுதியில் 14 வயது தாண்டிய ஒவ்வொரு தைனோவும் (அந்தத் தீவின் பழங்குடிகள்) மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பருந்தின் காலில் கட்டுகிற சிறு மணி நிறையத் தங்கத்தூள் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. கட்டியவர்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு உலோக வில்லை, ரசீது மாதிரி. ஆற்று மணலை அரித்தால் அவ்வளவு தங்கம் எங்கே வரும்? கடைசியில் ஆட்களையே விற்கலாம் என்று 1495ல் சுமார் 500 பேரைக் கப்பலில் ஏற்றினார்கள். ஏறக்குறைய 200 பேர் வழியிலேயே செத்தார்கள்.

அப்புறம் வந்து மெக்சிகோவைப் பிடித்த கோர்ட்டெஸ், பெருவைப் பிடித்த பிஸாரோ ஆகியோரின் ஆட்களை நாம் அரசுச் சிப்பாய்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். சம்பளமே கிடையாது. பலர் கடன் வாங்கிக் குதிரையும் கத்தியும் வாங்கி வந்தவர்கள், கொள்ளையில் அரசருக்கு ஐந்தில் ஒரு பங்கு போக மீதியைப் பிரித்துக்கொள்வார்கள். கடன்காரன் கழுத்தில் உட்கார்ந்திருக்கும்போது இவர்கள் சும்மா ஊர் பார்த்துவிட்டுத் திரும்புவார்களா? அரசர் மட்டும் என்ன, ஸ்பெயினை ஆண்ட ஐந்தாம் சார்லஸ் 1519ல் புனித ரோமப் பேரரசர் தேர்தலுக்கே ஜெர்மன் வங்கிக் குடும்பங்களிடம் கடன் வாங்கித்தான் லஞ்சம் கொடுத்தார். அவற்றில் ஒன்றான வெல்ஸர் குடும்பத்துக்கு 1528ல் வெனிசுவேலாவை ஆளும் உரிமையையே எழுதிக் கொடுத்தார். ஒரு நாட்டையே வங்கிக்காரனிடம்!

மதம் காரணம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, பல பாதிரிகளுக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் மதமும் வரவும் மோதியபோது யார் ஜெயித்தார்கள் என்று பாருங்கள். 1511 டிசம்பரில் ஹிஸ்பானியோலாவின் சாந்தோ தொமிங்கோ நகரில் மொந்தேசினோஸ் என்ற பாதிரியார், இந்தப் பழங்குடிகள் மனிதர்கள் இல்லையா என்று பிரசங்க மேடையிலேயே கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்தது அந்தப் பழங்குடிகளை வைத்து வேலை வாங்கியவர்கள். அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்பார் என்று வந்து உட்கார்ந்தார்கள், அவர் முன்னைவிடக் காட்டமாகப் பேசினார். புகார் அரசர் ஃபெர்டினாண்டு வரை போயிற்று. அந்தப் பாதிரிகள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவர் எழுதி அனுப்பினார்.