ஆளுநரால் ஆட்சியைக் கலைக்க முடியாது

“ஆளுநர் நினைத்தால் எந்த மாநில ஆட்சியையும் கலைத்துவிடலாம்” என்று இந்தப் பதிவில் எழுதியிருப்பது தவறு. அரசியலமைப்புச் சட்டத்தின் 356ஆவது பிரிவின்படி, மாநில ஆட்சியை மத்திய அரசின் கீழ் கொண்டுவரும் பிரகடனத்தை (குடியரசுத் தலைவர் ஆட்சி) வெளியிடுபவர் குடியரசுத் தலைவர், அதுவும் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி. 1991இல் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தராவிட்டால் பிரகடனம் காலாவதியாகும். பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும் என்றது 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. அது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2016 மே மாதம் உத்தராகண்டில் வாக்கெடுப்புக்காகவே குடியரசுத் தலைவர் ஆட்சி சில மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டது. முடிவு மூடி முத்திரையிட்ட உறையில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஹரீஷ் ராவத் 33 வாக்குகளுடன் மீண்டும் முதல்வரானார்.

தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள். மாணவர்களும் இதைப் படிக்கிறார்கள்.