மூன்று மணி நேரம் கேம் விளையாடுகிற பிள்ளைக்குக் கவனக்குறைபாடு இருக்காதா?

"மொபைலைக் கொடுத்தால் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். எல்லாம் திமிர்." பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையிலேயே ஏடிஎச்டி (ADHD) எனப்படும் கவனக்குறைபாடு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு இருக்கும். அது தெரியாமலே, சோம்பேறி என்ற பெயரைச் சுமந்துகொண்டு பள்ளிக்காலம் முழுவதையும் கடந்துவிடுகிறார்கள்.

ஏடிஎச்டி என்றால் கவனமே இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவதும், வேண்டாதபோது அங்கிருந்து எடுப்பதும்தான் அவர்களுக்குச் சிரமம். கேமில் ஒவ்வொரு நொடியும் ஏதோ ஒரு பலன் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. இன்று போடுகிற கணக்குக்கோ அடுத்த மாதத் தேர்வில்தான் பலன். தள்ளி வரப்போகும் ஒன்றுக்காக இப்போதே உழைப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் கஷ்டம்தான். இவர்களுக்கு அது இன்னும் பல மடங்கு கஷ்டம். ஆர்வத்தையும் பலனையும் எடைபோடுகிற மூளைப் பகுதிகளுக்கும், டோபமின் என்கிற மூளை வேதிப்பொருளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆகவே "கேம் மட்டும் விளையாட முடிகிறதே" என்பது குறைபாடு இல்லை என்பதற்கு ஆதாரமே அல்ல.

2007இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷாவும் அவருடைய குழுவினரும் ஏடிஎச்டி உள்ள 223 பிள்ளைகளையும், அது இல்லாத 223 பிள்ளைகளையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் ஒப்பிட்டார்கள். குழந்தைப் பருவத்தில் மூளையின் வெளி அடுக்கான புறணி தடித்துக்கொண்டே போய் ஓர் உச்சத்தைத் தொடும். பிறகு பதின்பருவத்தில் வேண்டாத இணைப்புகள் கழிந்து மெலியத் தொடங்கும். புறணியின் பாதிப் பகுதி அந்த உச்சத்தைத் தொட்ட வயது, மற்ற பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஏழரை. ஏடிஎச்டி உள்ளவர்களுக்குப் பத்தரை. எந்தப் பகுதிக்குப் பின் எந்தப் பகுதி என்ற வரிசை பெரும்பாலும் ஒன்றுதான், வேகம்தான் வேறு. திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளவும் உதவுகிற மூளையின் முன்பகுதியில் தாமதம் மிக அதிகம். உடலசைவுக்கான பகுதி மட்டும் சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது. வயதில் பதிமூன்று, தன்னை அடக்கிக்கொள்ளும் திறனில் அதைவிடச் சிறியவன் என்று ஒரு பையனைப் புரிந்துகொண்டால், அவனிடம் நாம் பேசும் விதம் மாறாதா?

இதைப் படித்துவிட்டு உடனே ஸ்கேன் எடுக்க ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். 2017இல் பல நாடுகளிலிருந்து 3,200க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்தபோது, ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு மூளையின் உள்ளே சில பகுதிகள் சராசரியாகச் சற்றுச் சிறியதாக இருந்தன. அந்த வித்தியாசமும் மிகச் சிறியது, பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. கூட்டமாகப் பார்த்தால் தெரிகிற வித்தியாசத்தை வைத்து ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், "அப்போ நடிக்கிறாய்" என்று பிள்ளையைத் திட்டத்தான் அந்தக் காகிதம் பயன்படும்.

அப்புறம், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்கிற பேச்சு. தாமதம்தானே, காத்திருக்கலாமே என்று தோன்றும். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பலருக்கு இது பெரியவர்களான பின்னும் தொடர்கிறது. அதற்குள் தேர்வுகள், நட்புகள், தன்னைப் பற்றிய நம்பிக்கை எல்லாம் அடிபட்டுவிடும். பதின்வயதில் ஓட்டமும் குதிப்பும் குறைந்துவிடுவதால் பார்க்கிறவர்களுக்குச் சரியாகிவிட்டதுபோல் இருக்கும். உள்ளே பரபரப்பு அப்படியே இருக்கும். பெண்பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். வகுப்பில் அமைதியாக எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணால் யாருக்கும் தொந்தரவில்லை, அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை.

கவனம் சிதறுகிற எல்லாருக்கும் ஏடிஎச்டி என்று நான் சொல்லவில்லை. முதலில் தூக்கத்தைப் பாருங்கள். இந்த வயதில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. இரவில் சீக்கிரம் தூக்கம் வராது. ஆனால் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014இல், பதின்வயதினரின் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சொன்னது. தூக்கம் கெட்ட பிள்ளையும், மனச்சோர்விலோ பதற்றத்திலோ இருக்கிற பிள்ளையும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரிதான் தெரிவார்கள். பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் மனநல மருத்துவர்.

அவரிடம் போகும் முன் சிலவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுக்கு முன்பே இது இருந்ததா, வீட்டில் மட்டுமா பள்ளியிலுமா, ஆறு மாதத்துக்கு மேலாகத் தொடர்கிறதா என்று கட்டாயம் கேட்பார். பழைய மதிப்பெண் அட்டைகளில் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள் இருந்தால் எடுத்துப் போங்கள். பிள்ளையிடமும் தனியாகப் பேசச் சொல்லுங்கள். மருந்து தேவை என்று அவர் சொன்னால், பயந்து மறுத்துவிடாமல் சந்தேகங்களை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.