தொப்பை வெறும் 'வயசுச் சதை'யா?

"உடல் எடைக் குறியீடு 25-ஐத் தாண்டாதவரை தொப்பையைப் பற்றிக் கவலை வேண்டாம், அது வயசுச் சதைதான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. (இந்தக் குறியீடு, அதாவது BMI, கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது.)

25 என்பது உலகப் பொது அளவு. இந்தியர்களுக்கு மருத்துவர்கள் பார்ப்பது வேறு: 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல் பருமன். 165 செ.மீ. உயரம், 65 கிலோ எடை உள்ளவருக்குக் குறியீடு கிட்டத்தட்ட 24. பார்த்தால் 'அளவான உடம்பு' என்போம், ஆனால் 23 என்ற கோட்டைத் தாண்டியாயிற்று.

காரணம், அதே எடையில் ஐரோப்பியர்களைவிட நம் உடம்பில் கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றுக்குள். தோலுக்கடியில் கையில் பிடிபடும் சதையைவிட, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிவதுதான் வம்பு. அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அப்புறம் சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு என்று வரிசையாக வரும்.

சரி, எப்படி அளப்பது? பேன்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டால் எல்லோருக்கும் 34 பொருந்தும்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் டேப்பைச் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. ஆனாலே மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான்.