அந்தப் பையில் வேண்டாத பொருள் ஒன்றுகூட இல்லை

சனிக்கிழமை எடுத்த அந்தப் புகைப்படத்தை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். தீம் பார்க் பெஞ்சில் நான் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் அந்த ஊதா நிறப் பை. "ஒரு நாள் சுற்றுலாவுக்கு வீட்டையே மூட்டை கட்டிக்கொண்டு வந்த அண்ணி" என்று என் கொழுந்தனார் அதன்கீழ் எழுதியிருந்தார், உறவுக்காரர்கள் எல்லாரும் சிரித்திருந்தார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை. ஆகவே எழுதுகிறேன்: அந்தப் பையில் வேண்டாத பொருள் ஒன்றுகூட இல்லை.

முதலில் எடைக்கு வருவோம். போனவர்கள் எட்டுப் பேர். ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் என்றால் மொத்தம் 4 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 4 கிலோ. நுழைவாயிலைத் தாண்டியதும் "இதைக் கொஞ்சம் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒவ்வொருவராக நீட்டிய பாட்டில்கள்தாம் அவை. அவற்றை வெளியே எடுத்துவிட்டால் மீதி ஒன்றரைக் கிலோகூடத் தேறாது. மற்றவர்கள் கை வீசி நடந்த சுகத்தின் எடை என் தோளில் இருந்தது, பழி மட்டும் என் பயந்த சுபாவத்தின்மேல் விழுந்தது.

அந்த ஒன்றரைக் கிலோவில் சன்ஸ்கிரீன் இருந்தது. காலையில் வீட்டில் ஒருமுறை பூசினால் போதும் என்பது தவறு. எஸ்.பி.எஃப். எனும் வெயில் காப்பு அளவு 30க்குக் குறையாததை வெயிலில் இறங்கக் கால் மணி நேரம் முன்பே பூசி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். நீரில் நனைந்தாலும் வியர்த்துக் கொட்டினாலும் அந்த 2 மணி நேரம் ஆகும்வரை காத்திராமல் மறுபடியும் பூச வேண்டும். அதனால்தான் அது குளியலறை அலமாரியில் இல்லாமல் என் பையில் இருந்தது. மாற்று உடைகள் இருந்தன, பருத்தி அல்லாதவை. பருத்தி நீரைக் குடித்துக் கனத்து, மாலை வரை காயாமல் தொடையில் உராய்ந்து புண்ணாக்கிவிடும். உப்புச் சர்க்கரைப் பொடி உறைகள் இரண்டு இருந்தன. பவர் பேங்க், ஆளுக்கொரு தொப்பி, ஈரத்துணி போட ஜிப் பைகள், பிளாஸ்திரி, உலர்ந்த காலுறைகள், அவ்வளவுதான்.

புகைப்படத்தில் என் கையில் இருப்பது என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. அது என் கொழுந்தனாருடைய மகளின் கால். புதுக் காலணி போட்டு வந்த குழந்தை, நீர்ச்சறுக்கில் நனைந்த காலுறையோடு ஒரு மணி நேரம் நடந்திருக்கிறாள். காலுறையை உருட்டிக் கழற்றினால் குதிகாலுக்கு மேலே தோல் வெளுத்து, நாணய அளவுக்கு நீர்கோத்து நிற்கிறது. அதை உடைக்காமல், ஈரம் ஒற்றி, பிளாஸ்திரி ஒட்டி, உலர்ந்த காலுறை மாட்டிவிட்டேன். பிளாஸ்திரியும் காலுறையும் அந்தப் பையிலிருந்து வந்தவை. அதற்குப் பிறகு இருட்டும் வரை அந்தப் பெண் ஓடி விளையாடினாள்.

"எல்லாமே உள்ளே கிடைக்குமே" என்பார்கள். கிடைக்கும்தான், தேவைப்படும் அந்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்குமா என்பதே என் கேள்வி. 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது, குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் வரவில்லை. கடும் வெயிலில், புதிதாகப் போட்ட தார்த்தரையில் பெண்களின் குதிகால் செருப்புகள் புதைந்தன. அன்றைக்கே தண்ணீரும் காலணியும்தான் மக்களைப் படுத்தியிருக்கின்றன.

சில பூங்காக்கள் வெளி உணவை அனுமதிப்பதில்லை என்பது உண்மை. முன்கூட்டியே விதிகளைப் படித்துவிட்டுப் போனால் தீர்ந்தது.

எனக்கும் ஒரு காலத்தில் கை வீசி நடக்க ஆசை இருந்தது. என் மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது, இதே போன்ற கேலிக்கு அஞ்சி, ஒரு பர்ஸோடு பூங்காவுக்குள் போனேன். அவனுடைய இன்ஹேலரைக் காரிலேயே வைத்துவிட்டேன். நண்பகலில், வரிசையின் நடுவில், அவனுக்கு இழுப்பு வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கணவர் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார், நான் மகனைத் தூக்கிக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடினேன். அங்கிருந்தவர்கள் உடனே கவனித்ததால் பிழைத்தான். கணவர் கொண்டுவந்த இன்ஹேலர் கையில் பிடிக்க முடியாதபடி சுட்டது. 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள், அதையும் நான் படித்திருக்கவில்லை. தவறு முழுக்க முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து மருந்து காரிலும் இருக்காது, லாக்கரிலும் இருக்காது, என் உடம்போடு இருக்கும். இதைப் பயந்த சுபாவம் என்று யாராவது சொன்னால், ஆமாம், பயம்தான், அந்தக் கழுத்துக்குழியைப் பார்த்தவளுக்கு வந்த பயம்.

"நாள் முழுக்கப் பெஞ்சிலேயே உட்காரச் சொன்னது யார்?" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். சவாரிகளில் பையோடு ஏற விடமாட்டார்கள், அது சரியான விதி; உயரத்திலிருந்து ஒரு கைபேசி நழுவினால் கீழே நிற்பவரின் தலை உடையும். ஆகவே பை லாக்கரில் இருக்க வேண்டும், அல்லது யாராவது காவல் இருக்க வேண்டும். லாக்கர் எடுக்கலாம் என்று காலையிலேயே சொன்னேன். "அதுதான் நீங்கள் இருக்கிறீர்களே அண்ணி" என்று பதில் வந்தது. கேலி செய்த வரியைவிட எனக்கு வலித்தது அந்த வரிதான். எனக்கு உயரம் என்றால் பயம் கிடையாது, தலைசுற்றலும் கிடையாது. காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை ஏழு பேர் இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் ஏறினார்கள். நீங்கள் ஒரு சுற்றுப் போய் வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அந்தப் படத்தை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த முறையும் இதே பொருள்களைத்தான் எடுத்துவருவேன், ஒன்றையும் குறைக்க மாட்டேன். ஆனால் அவரவர் தண்ணீர் அவரவர் தோளில் வரும், பை லாக்கருக்குப் போகும், இன்ஹேலர் என் இடுப்புப் பையில் இருக்கும், ரோலர் கோஸ்டர் வரிசையில் உங்களோடு நானும் நிற்பேன்.